ஆயிரம் வெள்ளியில் குறும்படம்: கோலாலம்பூரில் முதல் படம் எடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதல் குறும்படம் எடுக்க வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கெப்போங் பக்கம் பல சின்னக் குழுக்களோடு வேலை செய்திருக்கிறேன். கேமரா சரியில்லை என்று நின்றுபோன படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. குரல் கேட்காமல், இடம் கிடைக்காமல், மழையில் ஒரு நாள் முழுக்க வீணாகி, பாதியில் கிடக்கும் படங்கள்தான் நிறைய.

இங்கே சொல்வது ஐந்து முதல் ஏழு நிமிடப் படத்துக்கானது. இரண்டு நாள் படப்பிடிப்பு, நடிகர்களோடு சேர்த்து ஒன்பது பேர், கையில் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). ஓரளவு நல்ல கைப்பேசி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கீழே உள்ள படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. சாவி கையில் உள்ள இடத்துக்குக் கதை எழுதுங்கள்

கதையை எழுதிவிட்டு இடம் தேடுவது பணம் உள்ளவர்கள் வேலை. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். யாரையும் கெஞ்சாமல் எந்த நேரமும் நுழையக்கூடிய இடங்கள் எவை என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவின் சமையலறை, மாமாவின் கார்ப் பட்டறை, நண்பனின் முடி திருத்தும் கடை, அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டு. அந்தப் பட்டியலிலிருந்து இரண்டே இரண்டு இடம். அங்கே நடக்கக்கூடிய கதையை எழுதுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு நாளில் இடம் மாறினால், சாமான் கட்டி, சாலை நெரிசலில் போய், மறுபடி இறக்கி வைக்க இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டு நாள் படப்பிடிப்பில் இரண்டு மணி நேரம் என்பது நான்கைந்து ஷாட்.

எழுதி முடித்ததும் கைக்கடிகாரம் வைத்து, நடிப்பது போலவே சத்தமாக வாசியுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்குப் பொருந்தும். நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதியதற்குப் பொருந்தாது. வாசிக்கும்போது ஒன்பது நிமிடம் வந்தால் இப்போதே வெட்டுங்கள். தாளில் வெட்டினால் காசு போகாது.

வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு விதமாகப் பேசிவிட்டு, எழுதும்போது சென்னைப் படத்தின் வசனத்தை எழுதுகிறார்கள். நடிகர் அதைச் சொல்லும்போதே வாய் இடறும். "பசியாறியாச்சா?" என்று கேட்கும் அம்மா உங்கள் படத்திலும் அப்படியே கேட்கட்டும்.

2. அனுமதிகளை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

மலேசியாவில் படத் தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றும் ஃபினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் கீழ் வருகின்றன. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அது. உங்கள் படம் எப்படி எடுக்கப்படுகிறது, எங்கே காட்டப்படும் என்பதை எழுதி அனுப்பி, எது தேவை என்பதற்கு அவர்களிடமிருந்து எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நண்பர் சொன்னார் என்பதை நம்பி இறங்க வேண்டாம்.

கோலாலம்பூர் தெரு, பூங்கா என்றால் மாநகர மன்றத்திடம் கேட்க வேண்டும். எல்ஆர்டி நிலையம், பேரங்காடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிர்வாகம் உண்டு. பத்துமலை கோலாலம்பூர் எல்லைக்குள் இல்லை, அது சிலாங்கூர். அதனால் மாநகர மன்றத்தின் கடிதம் அங்கே செல்லாது. கோயில் நிர்வாகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்தக் கோயிலாக இருந்தாலும் பூசை நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

தனியார் வீடு, கடை என்றாலும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். நடிகர்களிடமும் அப்படியே. பிள்ளைகள் நடித்தால் பெற்றோர் கையெழுத்து. படம் முடிந்தபின் ஒருவர் மனம் மாறினால், அந்தத் தாள் இல்லாமல் நீங்கள் எங்கேயும் படத்தை அனுப்ப முடியாது.

முதல் படத்தில் டிரோன் வேண்டாம். பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம். இரண்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கியைப் பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

3. பணத்தைப் பிரியுங்கள், கேமராவுக்குக் கடைசி இடம்

நான் பிரிக்கும் கணக்கு இது. சாப்பாட்டுக்கு 300, ஒலிக்கு 250, கைப்பேசியை நிறுத்தும் முக்காலிக்கும் வெளிச்சத்துக்கும் சேர்த்து 250, பெட்ரோல் டோலுக்கு 100, கையிருப்பு 100. கேமராவுக்கு ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்பது பேர், இரண்டு நாள் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினேழு வெள்ளிகூட முழுதாக வராது. சம்பளம் இல்லாமல் வருகிறவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுவதுதான் நீங்கள் காட்டும் மரியாதை. மதியம் இரண்டு மணி வரை பசியோடு நிற்க வைத்தால், இரண்டாம் நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

ஒலிக்கு வாங்க வேண்டியது சட்டையில் குத்தும் கம்பி மைக் இரண்டு. கம்பியில்லா மைக் வசதிதான். ஆனால் மலிவானவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன, வீட்டு வைஃபையும் அதே அலைவரிசையில் ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைஃபை பெட்டி உள்ள அடுக்குமாடியில் குரல் நடுநடுவே விட்டுப்போகும். வாங்குவதானால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டு, படம் எடுக்கும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

மைக் வாங்கும்போது புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு, பிளக்கைப் பார்க்காமல் வாங்குவது. 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் உலோகப் பகுதியில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் கைப்பேசிக்கானது. இரண்டு வளையம் இருந்தால் கேமராவுக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் ஆனது. இரண்டு வளைய மைக்கைக் கைப்பேசியில் நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் கைப்பேசி அதைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மைக்கில் பதிந்துகொண்டிருக்கும். திரையில் ஒலி அளவு ஏறி இறங்குவதால் உங்களுக்குச் சந்தேகமே வராது. சோதிப்பது சுலபம். பதிவை ஓடவிட்டு, சட்டை மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். திரும்பப் போட்டுக் கேட்கும்போது அந்தச் சுரண்டல் காதை அறைய வேண்டும். அறையவில்லை என்றால் தவறான மைக்கில் பதிந்திருக்கிறது.

பிளக் துளையே இல்லாத புதிய கைப்பேசி என்றால் மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்க வேண்டும். அதிலும் சில வகை பாட்டுக் கேட்க மட்டும்தான், மைக்கை எடுத்துக்கொள்ளாது. அதே சுரண்டல் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள்.

முக்காலியில் கஞ்சத்தனம் வேண்டாம். புத்தம் புதிய லேசான முக்காலியைவிட, யாரோ பயன்படுத்திய கனமான முக்காலி மேல். புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றி விலை கேட்டுவிட்டு, முடா இணையதளத்தில் பழைய சாமான் பாருங்கள். வெள்ளை ஃபோம் போர்டு நான்கு, எழுதுபொருள் கடையில் கிடைக்கும். கறுப்புத் துணி நான்கு மீட்டர், மஸ்ஜித் இந்தியா பக்கம். இறுக்கும் கிளிப், கறுப்பு டேப், நீளும் பெயிண்ட் கம்பு எல்லாம் இரும்புச் சாமான் கடையில்.

4. இடத்தைக் காதால் பாருங்கள்

இடம் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். நான் முதலில் உட்காரச் சொல்வேன். படம் எடுக்கப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் போங்கள். கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார்ந்து, கேட்கும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். செந்தூலில் ஒரு வீட்டில் நாங்கள் அப்படி எழுதிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது: குளிர்பெட்டி, கூரை மின்விசிறி, மேல்வீட்டில் உரல், எல்ஆர்டி, ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிளின் ஹார்ன், பக்கத்து வீட்டுக் கிளி. கிளியைத் தவிர எல்லாவற்றுக்கும் வழி கிடைத்தது. கிளிக்காகக் காட்சியை முன் அறையிலிருந்து சமையலறைக்கு மாற்றினோம்.

பள்ளிவாசல் பாங்கு நேரங்களைக் கால அட்டவணையில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் மதியத் தொழுகை ஒன்றேகால் மணியை ஒட்டி, மாலை நான்கரையை ஒட்டி, பிறகு சூரியன் மறையும் நேரம், அதன்பின் எட்டரையை ஒட்டி. நாளுக்கு நாள் சில நிமிடம் மாறும், அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வசனம் வைக்காதீர்கள். மதியப் பாங்கு நேரத்தைச் சாப்பாட்டு இடைவேளையாக வைத்தால், குழுவில் தொழுகிறவர்களுக்கும் வசதி. வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் பக்கத்துத் தெருக்களில் கார் நிறுத்தவே இடம் இருக்காது.

வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. அதனால் இங்கே உண்மையான நண்பகல் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. பதினொன்றரையிலிருந்து மூன்று வரை வெயில் உச்சந்தலையில் இறங்கும், கண்குழி கறுத்துப்போகும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். வெளிப்புறக் காட்சியைக் காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள்.

மாலையை நம்பாதீர்கள். பிற்பகல் இடிமழை இந்த ஊரின் வழக்கம். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னும் அதிகம். மழை பெய்யாத நாளிலும், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் நேராகக் கீழே இறங்கிவிடும். அந்தப் பொன் வெளிச்சம் வந்தது தெரிவதற்குள் போய்விடும். ஒரு மாலைக்கு ஒரே ஷாட் என்று வைத்துக்கொண்டு, முக்காலியை ஐந்து மணிக்கே நட்டு ஒத்திகை பார்த்துக் காத்திருங்கள்.

5. கைப்பேசியின் தானியங்கியை நிறுத்துங்கள்

கைப்பேசி ஒவ்வொரு விநாடியும் தானாக முடிவெடுக்கும். நடிகர் ஜன்னலைத் தாண்டி நடந்தால் படம் இருளும், பிறகு வெளுக்கும். வெட்டித் தொகுக்கும்போது இரண்டு ஷாட் ஒட்டாது. அதனால் எல்லாவற்றையும் பூட்ட வேண்டும்.

பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். 2023இல் ஐபோனுக்கும் 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. எல்லா ஆண்ட்ராய்டிலும் ஓடாது, உங்களுடையதில் ஓடுகிறதா பாருங்கள். ஓடாவிட்டால் கைப்பேசியிலேயே உள்ள புரோ முறை போதும்.

பிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம்) 25, ஷட்டர் (ஒவ்வொரு படமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 விநாடி. இந்த எண்ணுக்குக் காரணம் நம் மின்சாரம். மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கைப்பேசியின் வழக்கமான 30 பிரேமில் 1/60 வைத்தால் சமையலறைச் சுவரில் மங்கலான பட்டைகள் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். பிறகு அதை நீக்குவது பெரும்பாடு. 24தான் சினிமா வேகம் என்று பிடிவாதம் இருந்தால் இருக்கட்டும், ஷட்டரை மட்டும் 1/50இல் விடுங்கள்.

கைப்பேசியில் லென்ஸின் ஒளித் துளையைச் சுருக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. ஆகவே வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். அதற்குக் கறுப்புக் கண்ணாடி போன்ற என்டி வடிப்பான் ஒன்று வேண்டும். கிளிப்பில் மாட்டுவது போதும்.

வெள்ளைச் சமநிலையையும் (வைட் பேலன்ஸ்) பூட்டுங்கள். வெளியில் 5600 கெல்வினில் தொடங்குங்கள். வீட்டுக்குள் வெள்ளைத் தாளை நடிகர் முகத்தருகே பிடித்து, தாள் வெள்ளையாகத் தெரியும் எண்ணில் நிறுத்துங்கள். அந்த எண்ணைக் காட்சி எண்ணோடு எழுதி வையுங்கள். இரண்டாம் நாள் அதே அறைக்குத் திரும்பும்போது அது இல்லாவிட்டால் நீங்கள் ஊகித்துக்கொண்டு நிற்பீர்கள்.

முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்து லென்ஸ்களுக்குப் பெரும்பாலும் சின்ன உணரி (சென்சார்), இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நெருக்கம் வேண்டுமானால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிட்டே போங்கள்.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. குளிர்சாதன அறையிலிருந்து கைப்பேசியை வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் பனி படரும். துடைத்தால் மறுபடி படரும். கால் மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்துவிடுங்கள். வெயிலில் நெடுநேரம் 4கே எடுத்தால் கைப்பேசி சூடாகித் தானே நின்றுவிடும். ஷாட்டுக்கு நடுவில் நிழலில் வையுங்கள், உறையைக் கழற்றிவிடுங்கள். உடனே குளிரட்டும் என்று ஐஸ்பெட்டியில் போடாதீர்கள், உள்ளே ஈரம் கட்டும்.

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பே பத்து விநாடி எதையாவது எடுங்கள். அதைக் கணினிக்கு மாற்றி, தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஒலி சேர்த்து, முழுப் படக் கோப்பாக வெளியே எடுத்து, தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில், நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் கோப்புகள் சில திறக்காமல் போகலாம். அது படப்பிடிப்பு முடிந்த இரவில் தெரியவரக் கூடாது.

6. வெளிச்சத்தைக் கூட்டும் முன் குறையுங்கள்

விளக்கு வாங்க ஓடாதீர்கள். முதலில் அறையின் கூரை விளக்கை அணையுங்கள். நடிகரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். மறுபக்கம் முகம் இருட்டாக இருந்தால் அங்கே ஒரு ஃபோம் போர்டு. இன்னும் ஆழம் வேண்டும் என்றால் போர்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். முக்கால்வாசிக் காட்சிகள் இதிலேயே முடியும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி நடிகரை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் ஜன்னல் வெளுக்கும், ஜன்னலுக்கு வைத்தால் முகம் போகும். நம் நிறத்துக்கு இந்தத் தவறு இரட்டிப்பாகத் தெரியும். முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்யுங்கள், சுவரைப் பார்த்து வேண்டாம். கன்னத்தில் லேசாக எண்ணெய் மினுங்கினால் அழகு, வியர்வை வழிந்தால் துண்டால் ஒற்றியெடுங்கள்.

இரவுக் காட்சிக்கு எல்இடி விளக்கு வாங்கினால் பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் போட்டிருக்கிறதா பாருங்கள். குறைந்தால் தோல் பச்சை கலந்து நோய்வாய்ப்பட்டது போலத் தெரியும். விளக்கை நேராக முகத்தில் அடிக்காமல் வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்புங்கள்.

7. ஒலி: இங்கே நேரம் செலவழியுங்கள்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் அரை நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

மலிவான, நம்பகமான முறை ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு நடிகரின் சட்டைப் பையிலும் அவரவர் கைப்பேசி, அதில் கம்பி மைக், ஒலிப்பதிவுச் செயலி. விமான முறையில் போடுங்கள், அழைப்பு வந்தால் பதிவு கெடும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக வையுங்கள். ஓங்கிப் பேசும் இடத்தில் அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். சிவப்பைத் தொட்டால் அந்த ஒலி உடைந்தது உடைந்ததுதான், பிறகு ஒட்ட முடியாது. கத்தும் காட்சி என்றால் நடிகரைக் கத்தவைத்தே அளவு பாருங்கள். ஒத்திகையில் எல்லாரும் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சுக்கூட்டின் நடுவில் வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை முக்கோணமாக மடித்து, பசைப்பக்கம் இரண்டு பக்கமும் வெளியே வருமாறு செய்து, மைக்கைத் துணிக்கும் தோலுக்கும் நடுவே அசையாமல் ஒட்டுங்கள். கம்பியில் ஒரு சின்ன வளையம் விட்டு ஒட்டினால், திரும்பும்போது இழுபடும் சத்தம் மைக்குக்குப் போகாது. பட்டுப்புடவை சரசரக்கும், பருத்திக்கு மாற்ற முடியுமா பாருங்கள். தாலிச்சங்கிலியையும் ஒரு துண்டு டேப்பால் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

பிறகு வளையல். செந்தூல் சமையலறையில் அம்மா வேடத்தில் நடித்த அக்கா எவர்சில்வர் தம்ளரில் தேநீர் ஊற்றிக்கொண்டே, "அவன் இன்னும் வரலையே" என்று சொல்ல வேண்டும். நான்கு டேக்கிலும் அந்த "வரலையே" வளையல் ஓசைக்குள் போய்விட்டது. வளையலைக் கழற்றினால் அம்மா அம்மாவாக இல்லை. கடைசியில், ஊற்றி முடித்துத் தம்ளரைக் கீழே வைத்து, ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொல்லச் சொன்னோம். வசனம் தெளிவாக விழுந்தது, அந்த மூச்சு காட்சிக்கே ஒரு கனம் கொடுத்தது. ஊற்றும் சத்தத்தையும் வளையலையும் தனியாக, மைக்கைத் தம்ளருக்கு அருகில் வைத்துப் பதிந்தோம். கையும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடங்களை எல்லாம் இப்படிப் பிரித்துவிடுங்கள்.

மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். அந்தக் காற்று குரலோடு பின்னிக்கொண்டு பிரிக்க வராது. டேக் முடிந்த உடனே போட்டுவிடுங்கள், நிறுத்த ஒருவர், போட ஒருவர் என்று ஆள் வைத்துவிடுங்கள். குளிர்பெட்டியையும் அணையுங்கள். அணைக்கும்போது உங்கள் கார்ச் சாவியை அதற்குள் வையுங்கள். கிளம்பும் நேரத்தில் சாவி தேடிப் போவீர்கள், குளிர்பெட்டியைப் போடாமல் வீட்டுக்காரரின் மீனைக் கெடுக்க மாட்டீர்கள்.

நடிகரைக் கேமராவுக்கு முன் நிறுத்தி, காட்சி எண்ணைச் சொல்லி, கையை ஓங்கி ஒரு தட்டு. எல்லாக் கருவிகளிலும் அந்தத் தட்டுச் சத்தம் பதியும், பொருத்துவது நொடி வேலை. ஒவ்வோர் அறையிலும் கிளம்பும் முன் ஒரு நிமிடம் எல்லாரும் அசையாமல் நின்று வெறும் அறையின் ஒலியைப் பதியுங்கள். வெட்டுக்கு வெட்டு விழும் ஓட்டையை அடைக்க அதுதான் மாவு.

சத்தம் கலந்துவிட்ட வசனத்தை, காட்சி முடிந்த கையோடு, அதே இடத்தில், கேமரா இல்லாமல் மூன்று முறை சொல்ல வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். நடிகரின் உணர்ச்சி இன்னும் ஆறாமல் இருக்கும். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டால் குரலே வேறாக இருக்கும்.

8. ஷாட் பட்டியலைக் கதை வரிசையில் போடாதீர்கள்

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை கேமராவை இடம் மாற்றலாம். அதற்கு மேல் எழுதியிருந்தால் இப்போதே நீக்குங்கள்.

ஒரு பக்கம் பார்த்து எடுக்க வேண்டிய எல்லா ஷாட்டையும் முடித்த பிறகே மறுபக்கம் திரும்புங்கள். திரும்பினால் போர்டு, துணி, பின்னணிச் சாமான் எல்லாம் மாறும். ஒவ்வொரு காட்சியிலும் முதலில் முழு அறையும் தெரியும் அகல ஷாட், பிறகு இடை அளவு, கடைசியில் முகம். அகல ஷாட்டில் நடிகர் எந்தக் கையால் தம்ளரை எடுத்தார், தேநீர் எவ்வளவு இருந்தது என்பது முடிவாகிவிடும், ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அழும் காட்சி என்றால் மட்டும் வரிசையை மாற்றி முகத்தை முதலில் எடுங்கள். கண்ணீர் இரண்டு முறைக்கு மேல் வராது.

9. படப்பிடிப்பு நாள்

குழுவை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள், பசியாறிவிட்டுத் தொடங்குங்கள். தண்ணீர்ப் பெட்டியை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். மூடிய அறையில் விசிறி இல்லாமல் நான்கு டேக் என்றால் தலை சுற்றும்.

ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் ஒரு டேக்கையாவது காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது, ஒன்று போதும்.

சாப்பாட்டு நேரத்திலும் நாள் முடிவிலும் கோப்புகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் நகல் எடுங்கள். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு 375 மெகாபைட், ஒரு மணி நேரப் பதிவுக்கு 22 கிகாபைட்டுக்கு மேல். இந்தக் கணக்கை முன்பே போட்டு வட்டில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். நடிகர்களின் கைப்பேசியில் உள்ள ஒலிக் கோப்புகளை அவர்கள் வீட்டுக்குப் போகும் முன் வாங்கிவிடுங்கள். ஒரு முறை நாங்கள் இதை மறந்துவிட்டோம், நடித்த தம்பி ஒருவன் இடம் போதவில்லை என்று அன்றிரவே அழித்துவிட்டான். ஒரு காட்சியின் குரல் முழுக்கப் போயிற்று. இரண்டு நகலும் திறக்கிறது என்று பார்க்காமல் எதையும் அழிக்கக் கூடாது. இரண்டு வட்டும் ஒரே காரில் போகவும் கூடாது.

10. தொகுப்பு: குரல், வெட்டு, ஒலி, நிறம், இசை

கைப்பேசிகள் பல நேரம் பிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதியும். அதனால் தொடக்கத்தில் பொருந்திய குரல் மூன்றாம் நிமிடத்தில் உதட்டைவிட்டு விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25 பிரேமுக்கு மாற்றிவிட்டுத் தொகுப்பைத் தொடங்குங்கள். தொகுத்த பிறகு இது தெரிந்தால் முதலிலிருந்து வர வேண்டும்.

ரிசால்வ் இலவசப் பதிப்பு 3840க்கு 2160 அளவு வரை வெளியே கொடுக்கும், நமக்கு அது தாராளம். முதலில் கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டுச் சிறந்த டேக்குகளை எடுங்கள். பிறகு வெட்டுங்கள். வெட்டு முடிந்து நாலு நாள் படத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, மறுபடி பார்த்துக் குறையுங்கள். அப்புறம்தான் ஒலி, அதன்பின் நிறம். புதியவர்கள் முதல் நாளே நிறத்தில் உட்காருகிறார்கள். நாளை வெட்டிவிடப் போகும் ஷாட்டுக்கு இரண்டு மணி நேரம் போகும்.

இசைக்குத் திரைப்படப் பாட்டைத் தொடவே வேண்டாம், பதிப்புரிமையில் படம் முடங்கும். உங்கள் தாமான் குடியிருப்பில் உறுமி வாசிப்பவர் இருப்பார், நாதஸ்வரம் கற்கும் பிள்ளை இருக்கும். ஒரு கடிதத்தில் அனுமதி வாங்கி, அரை மணி நேரம் பதிந்துகொள்ளுங்கள். அந்த ஒலியில் நம் ஊர் இருக்கும்.

11. எழுத்தும் துணையுரையும்

தமிழ்த் தலைப்பைத் தொகுப்பு மென்பொருளில் அடித்ததும் "கொ", "கௌ" போன்ற எழுத்துகளைப் பாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பு தனியே பிரிந்து எழுத்துக்குப் பின்னால் நிற்கும். அப்படி ஆனால் தலைப்பை வேறொரு செயலியில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து வந்து வைத்துவிடுங்கள்.

மலாயிலும் ஆங்கிலத்திலும் துணையுரை (சப்டைட்டில்) போடுங்கள். நம் அண்டை வீட்டார் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை வற்புறுத்துகிறேன். ஒரு வரியில் 42 எழுத்துக்குள், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் இல்லாமல். மலாய் வரியை அந்த மொழியில் வளர்ந்த ஒருவர் வாசித்துத் திருத்தட்டும்.

வெளியே எடுத்த கோப்பை உங்கள் கணினியில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். படத்தில் வேலை செய்யாத ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர்கள் தொலைக்காட்சியில், மின்விசிறி ஓடும்போது போடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவர்கள் முகத்தைப் பாருங்கள். "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் ஒவ்வோர் இடத்தையும் நிமிடம், விநாடியோடு குறித்துக்கொண்டு வந்து, அந்த வசனத்தை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள். அதன்பிறகு மறுபடி வெளியே எடுத்து அனுப்புங்கள்.